மூடி வெச்ச சோறு

வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடுது. இதுல உக்காருங்க, ஃபேனுக்கு நேரா இருக்கும். உமா வரலையா? வர மாட்டா. அவங்கப்பா அனுப்ப மாட்டாரு. மாப்பிள்ளைய மட்டும் தனியா அனுப்பினா ரஞ்சிதம் வாயத் தொறக்க மாட்டான்னு எங்கண்ணனுக்குத் தெரியும். அண்ணன் பொண்ணக் கட்டின மாப்பிள்ளைக்கு முன்னாடி அத்தைக்காரி குரல ஒசத்துவாளா? ஒசத்த மாட்டா. அதனால நான் மெதுவாவே சொல்றேன். கேட்டுட்டுப் போயி அவர்கிட்ட ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க.

மோரு குடிங்க. காஞ்சிபுரத்துலேர்ந்து இந்த வெயில்ல ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் பஸ்ல வந்திருக்கீங்க. குடிச்சுட்டுப் பேசலாம்.

நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். உமா நேத்தே போன்ல அழுதுகிட்டே சொல்லிட்டா. எம் பொண்ணு தாரணி அந்தக் கொரியாக்காரப் பையனக் கட்டிக்கிட்டா, தாய்மாமன்னு எங்கண்ணன் மணவறைப் பக்கம் வர மாட்டாரு. மாலை எடுத்துக் குடுக்க மாட்டாரு. எனக்கும் இனிமே அந்த வீட்டு வாசப்படி கெடையாது. அதானே? அதுக்குப் பதிலா உங்க தம்பிக்கு... இருங்க இருங்க, உங்க தம்பிய நான் ஒரு குறையும் சொல்லல. நல்ல பையன். மளிகைக் கடைய நல்லாப் பாத்துக்கறான். நல்லவன்ங்கறதுக்காகப் பொண்ணக் குடுக்கணும்னா, நான் எத்தன பேருக்குக் குடுக்கறது?

இன்னொண்ணு. நான் சம்மதிச்சுட்டேன்னு உங்ககிட்ட யாரு சொன்னாங்க? நான் சம்மதிக்கல. அத நல்லா மனசுல வெச்சுக்குங்க. அன்னிக்கு அந்த ஓட்டலுக்கு நான் போனதே வேணாம்னு சொல்றதுக்குத்தான். கொரியாக்காரன் காசுல வயிறு முட்டத் தின்னுட்டு மனசு மாறிட்டாளாம், எங்கண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாராமே. ரஞ்சிதம் ஒரு வேளை சாப்பாட்டுக்கு மாறுறவளா? அவர் வீட்டுல எத்தன வருசம் சமைச்சுப் போட்டிருக்கேன், அப்பக்கூட நான் சாப்பாட்டுக்கு மயங்கினது கெடையாது.

தாரணி ஒரகடத்துல ஒரு கம்பெனில மொழிபெயர்ப்பு வேலை பாக்கறது உங்களுக்குத் தெரியும். கொரியாக்கார மேனேஜர் பேசறத நம்மாளுங்களுக்குத் தமிழ்ல சொல்லணும், நம்மாளு பேசறத அவங்களுக்கு அவங்க பாஷைல சொல்லணும். அங்க இஞ்சினியரா இருக்கறவன்தான் அந்தப் பையன். பேரு மின்ஜே. மொதல்ல எனக்கு அந்தப் பேரே வாயில வரல. அவங்கம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க, உங்களப் பாக்கணும்ங்கறாங்க, ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆழ்வார்பேட்டைல சாப்பிடலாம்னு கூப்பிட்டாங்க. நானும் சரின்னுட்டேன். நேருக்கு நேரா உக்காந்து, உங்க பையன் தங்கமான பையன், ஆனா எங்களுக்கு ஒத்துவராதுங்கன்னு சொல்லிட்டு எழுந்து வந்துடலாம்னு ஒரு நெனப்பு. பட்டுப்பொடவை கட்டிக்கிட்டேன். வேணாம்னு சொல்லப் போறவளுக்கு எதுக்கும்மா பட்டுன்னா தாரணி. வேணாம்ங்கறதயும் ஒரு லட்சணமாச் சொல்லணும்ல.

கார்ல போகும்போதே அவகிட்ட சொல்லிட்டேன். நான் சொல்றத சொன்னபடி சொல்லணும், நடுவுல உன் சரக்கச் சேக்கக் கூடாதுன்னு. அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. 

அந்தத் தெருவே ஒரு தினுசு மாப்பிள்ளை. சத்தமே இல்ல. ஹாரன் அடிக்கக்கூட பயந்துகிட்டு கார் போவுது. எந்த வீட்டுலயும் மனுசங்க தெரியல, மரமும் காம்பவுண்டு செவருந்தான். ஓட்டலும் அப்படியே பங்களாதான், போர்ட எங்க வெச்சிருக்கான்னு தேடணும். வாசல்ல நின்ன செக்யூரிட்டி என்னைப் பாத்து, யாருங்க வேணும்னு கேட்டான். பட்டுப்பொடவை கட்டிக்கிட்டு சோறு திங்க வந்தவள, யாரு வேணும்னு கேக்கறான். எனக்குப் பசிக்குதுப்பான்னேன். தாரணிக்கு மானம் போச்சு. போகட்டும்.

உள்ள தனி ரூமு. செருப்பக் கழட்டிட்டுத்தான் போகணும்னாங்க. அது ஒண்ணு எனக்குப் புடிச்சுது, மறைக்கறதுக்கு என்ன இருக்கு? தரையிலதான் உக்காரணும். குட்ட மேசை, அதுக்கு நடுவுல அடுப்பு. கல்யாண மண்டபத்துல கூட அடுப்பு பின்னாடிதான் இருக்கும், இங்க மூஞ்சிக்கு நேரா எரியுது. அதுக்கு மேல தோசைக்கல் மாதிரி ஒரு கல்லு.

அந்தம்மா எழுந்து நின்னு இடுப்பு வரைக்கும் குனிஞ்சு கும்பிட்டாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. நான் இங்கிருந்தே கை கூப்பினேன். பையனும் குனிஞ்சான். நல்லா ஒசரமா, கண்ணுக்கு லட்சணமாத்தான் இருக்கான், இல்லன்னு சொல்லல. அந்தம்மாவப் பாத்தா பையனுக்கு அக்கான்னு சொல்லலாம். கன்னம் பளபளன்னு இருக்கு. தலைல ஒரு நரை கெடையாது. அவங்க ஊர்ல கடை வெச்சிருக்காங்களாம், தொட்டுக்கற ஐட்டம் மட்டும் விக்கிற கடை. சோறு வீட்டுல வடிச்சுக்கணும், தொட்டுக்க இவங்ககிட்ட வாங்கிக்கணும். இதுக்கு ஒரு கடையான்னு கேட்டேன். தாரணி அத மாத்தி என்னமோ சொன்னா. அந்தம்மா சிரிச்சாங்க. நான் சொன்னதுல சிரிப்பு ஒண்ணும் இல்லையே.

உக்காந்து தண்ணி கூடக் குடிக்கல, அந்தம்மா என்னைப் பாத்து ஒரு கேள்வி கேட்டாங்க. தாரணி தயங்கிக்கிட்டே, அம்மா, உன் வயசு கேக்கறாங்கன்னா. எடுத்த எடுப்புல வயசு. சொந்தக்காரங்களா, டாக்டரா? எனக்குச் சுருக்குனு வந்துச்சு. ஓகோ, என்னைவிடச் சின்னவளா இருந்துகிட்டு என்னை எடை போடறாளா, ஒரு கை பாத்துடறேன்னு, அறுபத்தொண்ணுன்னு சொல்லிட்டேன்.

சிரிக்காதீங்க. எனக்கு அம்பத்தஞ்சுன்னு உங்களுக்குத் தெரியும். தாரணிக்கும் தெரியும், அவ என்னை முறைச்சா. சொன்னதச் சொல்லுடின்னேன். சொன்னா. பெரியவன்னு ஒரு மட்டு மரியாதை இருக்கட்டுமேன்னுதான் சொன்னேன், அதுல என்ன தப்பு? கேட்டதும் அந்தம்மா மறுபடி எழுந்து குனிஞ்சு கும்பிட்டாங்க. மொதல்ல கும்பிட்டதவிட இன்னும் கீழ. அப்பாடா, வழிக்கு வந்துட்டான்னு நெனச்சேன்.

அப்புறம் கிண்ணம் கிண்ணமா வருது. கேக்கவே இல்ல, வந்துகிட்டே இருக்கு. கீரை, மொளகட்டின பயறு, முள்ளங்கி, நெத்திலி, செவப்பா முட்டைக்கோசு. சோறு தனித்தனியா எவர்சில்வர் கிண்ணத்துல, மூடி போட்டு. எவர்சில்வர் மாப்பிள்ளை. நம்ம வீட்டுல சீர்ல வர்ற அதே எவர்சில்வர். அவ்வளவு பெரிய ஓட்டல்ல பீங்கான்ல குடுப்பான்னு பாத்தா இதுல குடுக்கறான். எனக்குக் கோழின்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க, நம்ம மாடு, பன்னியெல்லாம் தொட மாட்டோம்னு பையனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு பொண்ணு வந்து கல்லு மேல கோழிய எடுத்துப் போட்டு, கத்திரிக்கோலால கறிய வெட்டுது. தையக்கடைல துணி வெட்டற மாதிரி. வேற நாளா இருந்தா ஏன்னு கேட்டிருப்பேன். அன்னிக்கு எனக்கு வேற வேலை இருந்துச்சு.

கோழி வெந்துடுச்சு. வாசனை தூக்குது. யாரும் கை வெக்கல.

நானும் வெக்கல. வந்தவங்க சாப்பிடாம நம்ம எப்படிக் கை வெக்கறது? அவங்க கடல் தாண்டி நம்ம ஊருக்கு வந்தவங்க. காசு யாரு வேணா குடுக்கட்டும், ஊரு நம்ம ஊரு. நான் அந்தம்மாவப் பாத்து, சாப்பிடுங்கன்னு கை காட்டினேன். அந்தம்மா என்னைப் பாத்து, நீங்க சாப்பிடுங்கன்னு கை காட்டினாங்க. நான் மறுபடி காட்டினேன். அவங்க மறுபடி. பையன் கைய மடில வெச்சுக்கிட்டு கோழியவே பாத்துகிட்டு இருக்கான். பாவம், பசி.

தாரணி மெதுவா, அம்மா நீ எடும்மா, அவங்க ஊர் வழக்கம், இருக்கறதுல பெரியவங்க மொதல் ஸ்பூன் எடுக்காம யாரும் எடுக்க மாட்டாங்கன்னா. நீதான் அறுபத்தொண்ணுன்னு சொன்னியேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொல்றா. அது அவங்க வழக்கம், நம்ம வழக்கம் வந்தவங்க சாப்பிட்டு முடிக்காம நம்ம எடுக்கறதில்ல, சொல்லு அவங்ககிட்டன்னேன். சொன்னா. அந்தம்மா நீளமா ஒண்ணு சொன்னாங்க. இவ என்கிட்ட, அதெல்லாம் முடியாதாம்மான்னு ரெண்டு வார்த்தைல முடிச்சுட்டா. மீதி எங்கடி போச்சுன்னு கேட்டேன்.

நானும் விடல, அவங்களும் விடல. கோழி ஒரு பக்கம் கருகுது. பரிமாற வந்த பொண்ணு அடுப்பக் கம்மி பண்ணிட்டு எங்க நாலு பேரையும் மாத்தி மாத்திப் பாக்குது. எனக்கு இது ஒரு விதத்துல வசதியாப் போச்சு. பாத்தீங்களா, ஒரு வாய் சோறு திங்கறதுக்கே ஒத்துவரல, இதுல கல்யாணம் எப்படின்னு கேட்டுடலாம். பேச்சு எடுக்கறதுக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. தாரணி மூஞ்சப் பாத்தேன். அவளுக்கும் புரிஞ்சு போச்சு, இப்ப அம்மா சொல்லப் போறான்னு. அவ ஒண்ணும் கெஞ்சல. தலையக் குனிஞ்சுகிட்டா, அவ்வளவுதான்.

அப்ப அந்தம்மா ஒரு காரியம் பண்ணாங்க. நான் சோத்துக் கிண்ணத்தத் தொறந்து என்ன அரிசின்னு பாத்துட்டு அப்படியே வெச்சிருந்தேன். ஆவி போயி ஆறிகிட்டு இருந்துச்சு. அவங்க மேசைக்கு இந்தப் பக்கம் எட்டி, கழட்டி வெச்ச மூடிய எடுத்து என் சோத்து மேல மூடினாங்க. மூடிட்டு, மேல கைய வெச்சுப் பாத்தாங்க, சூடு இருக்கான்னு. அப்புறம் கைய எடுத்து மடில வெச்சுக்கிட்டாங்க. தன் சோறு தொறந்தே கெடக்குது. அதப் பத்தி அவங்க நெனைக்கவே இல்ல.

மாப்பிள்ளை, நான் ஒண்ணு கேக்கறேன், நீங்க பதில் சொல்ல வேணாம். நான் எத்தன தட்ட மூடி வெச்சிருப்பேன்? தாரணி அப்பா இருந்தவரைக்கும் அவருக்கு. அவர் போனப்புறம் எங்கண்ணன் வீட்டுல எங்கண்ணனுக்கு, அவர் மில்லுலேர்ந்து எந்நேரம் வந்தாலும் சோறு சூடா இருக்கணும். அப்புறம் உமாவுக்கு டியூசன் முடிஞ்சு வர்றதுக்கு. எனக்கு ஒருத்தர் மூடி வெச்சிருக்காங்களான்னு அன்னிக்கு உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். ஒருத்தர் இல்ல. சட்டில இருக்கறத வழிச்சுப் போட்டுச் சாப்பிடறவளுக்கு எதுக்கு மூடி? உங்க கல்யாணத்துலயே நான் எங்க சாப்பிட்டேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியாது, நீங்க மேடைல இருந்தீங்க. எல்லாப் பந்தியும் எழுந்தப்புறம் சமையக்காரங்களோட நின்னுகிட்டே ரசம் சாதம். பாயசம் தீந்து போச்சு. இலை கூட இல்ல, பாக்குத் தட்டு. நான் அதுக்காக யார்கிட்டயும் மொகத்தத் தூக்கல. நம்ம வீட்டு விசேசம், நம்மதான் பாத்துக்கணும்னு ஓடினேன். இப்ப சொல்றேன்னா, நீங்க கேக்கணும்னுதான் சொல்றேன்.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அடுப்புப் புகைன்னு பையன் நெனச்சுக்கிட்டு அவசரமா எழுந்து, புகைய உறிஞ்சறதுக்கு மேல தொங்கற குழாயக் கீழ இழுத்து வெச்சான். நெனச்சுக்கட்டும். புகை இல்ல. அழுகைதான். என் வயசுப் பொம்பளைக்கு அழறதுக்கு யார் உத்தரவும் வேணாம்.

எழுந்து போயி கை கழுவிட்டு வந்தேன். ஸ்பூனத் தள்ளி வெச்சேன். மூடியத் தொறந்தேன், சோறு சூடாத்தான் இருந்துச்சு. கையால ஒரு கவளம் எடுத்து, அந்தச் செவப்பு முட்டைக்கோச வெச்சு, வாயில போட்டேன். மூணு பேரும் என் வாயவே பாக்கறாங்க. என் ஆயுசுல நான் மென்னு முழுங்கறத மூணு பேர் காத்துகிட்டிருந்து பாத்தது அன்னிக்குத்தான். புளிப்பு, காரம், நல்லாவே இருந்துச்சு. உப்பு கொஞ்சம் தூக்கல்னு சொன்னேன். அந்தம்மாகிட்ட தாரணி அதச் சரியாச் சொல்லிட்டா போல, கடைக்காரியாச்சே, தலையத் தலைய ஆட்டி ஆமாம்னாங்க.

அப்புறம்தான் அவங்க ஸ்பூன எடுத்தாங்க. எடுத்து என்ன பண்ணாங்க? ஒரு பச்ச இலைல கொஞ்சம் சோறு, ஒரு துண்டு கோழி, பூண்டு எல்லாம் வெச்சு வெத்தல மாதிரி மடிச்சாங்க. பையன் பசியோட பக்கத்துலயே உக்காந்திருக்கான், பெத்த பையன். அவனுக்குக் குடுக்கல. மேசைய எட்டி என் பொண்ணு வாயில வெச்சாங்க. தாரணி வாய் நெறைய மென்னுகிட்டே என்னைப் பாக்கறா. எட்டு வயசுல அவங்கப்பா ஊட்டினப்ப பாத்த மாதிரி ஒரு பார்வை.

அதோட நான் சொல்ல வந்தது என் வாயிலேயே நின்னு போச்சு. மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க. சொல்ல வேணாம்னு நான் முடிவு பண்ணேன். அது வேற, சம்மதிக்கறது வேற.

வீட்டுக்கு வந்தப்புறம் தாரணி சொல்றா, அந்தம்மாவுக்கு அம்பத்தெட்டாம். நெசமா பாத்தா அவங்கதான் என்னைவிட மூணு வயசு பெரியவங்க. மொதல் வாய் அவங்களுக்குத்தான் சேரணும். உண்மையச் சொல்லிடும்மான்னா. எதுக்குச் சொல்லணும்? ஒரு நாளைக்கு ஒரு மரியாதை கெடச்சுது, அதத் திருப்பிக் குடுக்க நான் என்ன கடன் வாங்கினேனா? சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லிடாதீங்க. கல்யாணப் பத்திரிகைல யாரும் வயசு போடறதில்ல.

என்ன, கல்யாணப் பத்திரிகைன்னு சொல்லிட்டேனா? பேச்சுக்குச் சொன்னேன் மாப்பிள்ளை. உடனே புடிச்சுக்காதீங்க.

இப்ப எங்கண்ணனுக்குச் சொல்ல வேண்டியது. தாய்மாமன் வந்தா அவர் எடத்துல அவர் நிப்பாரு, நான் அவர் காலத் தொட்டுக் கும்பிட்டுத்தான் மாலைய அவர் கையில குடுப்பேன். அவர் எனக்குச் சோறு போட்டவரு, அத நான் மறக்கல. வரலன்னா அந்த எடத்துல வேற யாரையும் நிறுத்த மாட்டேன். நானே நின்னு மாலை எடுத்துக் குடுப்பேன். பொம்பளை குடுத்தா மாலை வாடிடாது. அடுத்த மாசம் உங்க பையனுக்குக் காது குத்தறீங்க, உமா சொன்னா. வாசப்படி கெடையாதுன்னு அவர் சொன்னாலும் நான் வருவேன், அது எம் பேரன். ஆனா அன்னிக்கு நான் பந்தி விசாரிக்க மாட்டேன். மொதப் பந்தில, எங்கண்ணனுக்குப் பக்கத்துல, என் இலை இருக்கணும். எனக்குச் சோறு விழுந்து, நான் ஒரு வாய் வெச்சப்புறம் அவர் என்னை என்ன வேணா கேக்கட்டும். தாரணியப் பத்திக் கேக்கட்டும், கொரியாவப் பத்திக் கேக்கட்டும். பதில் சொல்றேன்.

எங்க எழுந்துட்டீங்க? இந்த நேரத்துல சாப்பிடாம அனுப்புவேனா? முருங்கைக்கா சாம்பார், வாழக்கா வறுவல், எல்லாம் ஆயிடுச்சு. கை கழுவிட்டு வந்து உக்காருங்க, இலை போட்டுட்டேன். அந்த பாட்டிலா? அது முட்டைக்கோசு. செவப்பாத்தான் இருக்கும், தாரணி வாங்கிட்டு வந்த மொளகாத்தூள் போட்டிருக்கு. ஆமா, நான்தான் போட்டேன். ஊறுகாதான், வேற பேரு சொல்லாதீங்க. கொஞ்சம் வெக்கட்டுமா?

என்ன அப்படிப் பாக்கறீங்க? எதுத்தாப்புல இன்னொரு இலை எனக்குத்தான். மாப்பிள்ளையோட சரிசமமா உக்காந்து சாப்பிடறாளேன்னு உங்களுக்குச் சங்கடமா இருக்கும். எனக்கும்தான் இருக்கு. இருக்கட்டும். சோறு ரெண்டு இலைலயும் போட்டாச்சு, சாம்பாரும் ஊத்தியாச்சு.

கை வெக்காதீங்க மாப்பிள்ளை. ஒரு நிமிசம் இருங்க. இங்க பெரியவ நானு.

ம். உப்பு சரியா இருக்கு. இப்ப நீங்க சாப்பிடுங்க.